படலைக்கு வெளியே நின்ற சம்பியன்

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கடலோடு சேர்கிற கொக்கிளாய்க் களப்பில், எங்கள் வேதக்கோயில் பெருநாளுக்கு அடுத்த நாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

முதலில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிடக் கொஞ்சம் இளையவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அவன் முன்னுக்கு, அணியத்தில். நான் பின்னுக்கு, வழி பிடிக்கிற துடுப்போடு. பெருநாளுக்கு அடுத்த நாள் களப்பில் வள்ளப் போட்டி நடக்கும். அதிலும் அப்படித்தான். அந்த நாளில் என் கைதான் பலம். அவனே சொல்லுவான். இதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை. எழுதிவிட்டேன்.

எங்கள் களப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் விரித்த வலைக்கு மேலால் இன்னொருவன் வள்ளத்தை ஏற்ற மாட்டான். காற்றோ மழையோ, சுற்றித்தான் போவான். தப்பித்தவறி ஏறிவிட்டால், மறுநாள் காலை வலைக்காரனின் வீட்டுக்குப் போக வேண்டும். காலில் ஒன்றும் இல்லாமல் வேலிப் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது. அவர் கண்டு என்னவென்று கேட்டால் சொல்ல வேண்டும். "உங்கட வலையில ஏறிப்போட்டன்." அவ்வளவுதான். அவர் "உள்ளுக்கு வா" என்றால் கதை முடிந்தது. பிறகு அதைச் சண்டைக்கு எடுக்க முடியாது. எவ்வளவு நேரம் நிற்க வைப்பது என்பது வலைக்காரனின் விருப்பம்.

இளவட்டத்தில் ஒருநாள் நானும் மச்சானும் காற்றுக்கு முந்தி வர ஆசைப்பட்டு ஒரு வலையில் ஏறிவிட்டோம். வலைக்காரர் பெரிய கோபக்காரர். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீ போய்ச் சொல்லு மச்சான். எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் தனியாகப் போய் நின்றேன். அவர் என்னைக் கண்டார். காணாத மாதிரி இருந்து கஞ்சி குடித்தார். ஆறுதலாக, மெல்ல மெல்லக் குடித்தார். பிறகுதான் என்னவென்று கேட்டார். எனக்குச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு எனக்கும் கஞ்சி தந்தார். மச்சான் அன்று முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு சில மாதத்தில் என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த வருடம்தான் எங்கள் கோயில் சுவாமியார், யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்கிறேன் என்று இரண்டு பேரையும் கேட்டார். எங்கள் வீட்டில் வள்ளம் தள்ள வேறு ஆள் இல்லை. மச்சானுக்குத் தகப்பன் இருந்தார். அவன் போனான். நான் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இதில் யாரிலும் பிழை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது. அது எடுபடவில்லை.

மச்சான் படித்தான். கொழும்பில் சர்வகலாசாலைக்குப் போனான். அங்கே ஏரியில் படகு வலிக்கிற போட்டி இருக்கிறதாம். இவன் வலித்ததைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம். பிறகு ஒருநாள் பேப்பரில் படம் வந்தது. இலங்கைக்கே சம்பியன். எங்கள் தேத்தண்ணிக் கடைக்காரர் அந்தப் படத்தை வெட்டி, மாப்பசை பூசிச் சுவரில் ஒட்டினார். நான் தேத்தண்ணி குடிக்க இருக்கிற வாங்குப் பலகைக்கு நேரே ஒட்டினார்.

படத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு குழப்பம். அந்தப் படகில் வலிக்கிறவர்கள் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"உதென்ன, பின்பக்கமாப் போகினம்?" என்றார் ஒருவர்.

"முன்னுக்குத்தான் அண்ணை போகினம். முகம்தான் பின்னுக்கு. கடைசியில ஒரு சின்ன மனுசன் இருக்கிறான் பாருங்கோ, அவன்தான் வழி பாத்துச் சொல்லுறது" என்றார் கடைக்காரர்.

"அப்ப பாக்க ஒரு ஆள், வலிக்க ஒரு ஆளோ? உந்தச் சொகுசு எங்களுக்கு இல்லையே!"

"இல்லையடா, பொடியன் ஊரைப் பாத்துக்கொண்டே போறான். மறந்திடக் கூடாதெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் படத்தில் எனக்குச் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பிறகு அவன் சீமைக்குப் போனான். வரும்போது டொக்டர் பட்டத்தோடு வந்தான். சர்வகலாசாலையில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற வேலை. களப்புகளின் வாயில் மணல் எப்படி அடைக்கிறது, எப்படித் திறக்கிறது என்று எழுதித்தான் அந்தப் பட்டம் எடுத்தானாம். எங்கள் களப்பின் வாயை நாங்கள் வருடா வருடம் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுகிறோம். எங்களுக்கு ஒரு பட்டமும் வரவில்லை. இதைக் கடையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வலிக்கிறதை விட்ட பிறகும் அவன் அந்தப் போட்டிகளை விடவில்லை. சர்வகலாசாலையின் விளையாட்டுகளுக்கு அவன்தான் பொறுப்பு. பிறகு படகோட்டச் சங்கத்துக்குச் செயலாளர். போட்டி எங்கே நடத்துவது, யார் ஓடுவது, என்ன சட்டம், எல்லாம் அவனுடைய கையில். அவனுடைய பெயருக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று எழுத்துகள் கூடிக்கொண்டு போயின. என்னுடைய பெயர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த அளவுதான் இருந்தது.

அந்த வருடம் பெருநாளுக்கு முன்னே செய்தி வந்தது. எங்கள் வள்ளப் போட்டியை இந்தத் தடவை சங்கமே சட்டப்படி நடத்தப் போகிறது. வெல்கிற வள்ளத்துக்காரரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், வேறு கரைகளிலிருந்து வருகிற ஆட்களோடு ஏரியில் ஓட விடுவார்கள். நடத்த வருவது மச்சான்.

எனக்கு அந்த ஏரி வேண்டும். அவன் வென்ற அந்த ஏரியில் ஒரே ஒருதரம் என் துடுப்பைப் போட வேண்டும். அவன் கரையில் நின்று பார்க்க வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க என்னோடு வலிக்கிற ஐந்து பேரையும் விடியமுன் எழுப்பிக் களப்பில் ஓட்டினேன். அவர்கள் என்னை ஏசினார்கள். நான் கேட்கவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் ஜீப் வந்தது. மணலில் புதைந்து, சனம் தள்ளித்தான் கோயிலடிக்கு வந்து சேர்ந்தது. மச்சான் இறங்கினான். காலில் கறுத்த சப்பாத்து. கண்ணாடி. வயிறு கொஞ்சம் வந்திருந்தது. அது ஒன்றில் எனக்குச் சந்தோஷம். அவனோடு சங்கத்தின் கொழும்புப் பெரியவர் ஒருவரும் வந்தார். சனம் "சேர், சேர்" என்று சுற்றி நின்றது. இவனோடு மண்ணில் உருண்டவர்களும் சேர் என்றார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார்.

"தம்பி, நீ டொக்டராமே. இந்த முழங்காலை ஒருக்காப் பாரன்."

"ஆச்சி, நான் அந்த டொக்டர் இல்லை."

"அப்ப எதுக்கு டொக்டர்?"

"தண்ணிக்கு ஆச்சி."

"தண்ணிக்கு என்னடா வருத்தம்?"

அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். குந்தியிருந்து அந்த முழங்காலைப் பிடித்தும் பார்த்தான். சனத்துக்கு இன்னும் பிடித்துவிட்டது. நான் வேலிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தங்கியது சுவாமியார் வீட்டில். அவனுடைய தகப்பனும் தாயும் அப்போது இல்லை. சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். என் அம்மா அவனுக்கு மாமி. களப்பில் அன்று பட்ட பெரிய நண்டை அம்மா எடுத்து வைத்திருந்தா. பிடித்தது நான். கோதை உடைத்துச் சதையை எடுத்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தா. எனக்கு நண்டின் கால் வந்தது.

"அங்க உனக்கு ஆர் நண்டு உடைச்சுத் தாறது, ராசா?"

"ஒருத்தரும் இல்லை மாமி. அங்க நண்டு தின்னுறதே இல்லை."

"மெலிஞ்சு போனாய்."

மெலிந்தானாம். நான் காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குசினி அடுப்படியில் வைத்து மெல்லக் கேட்டா.

"அவர் வந்தால் நீங்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"என்ர முகம் அப்பிடித்தான்" என்றேன்.

மறுநாள் பெருநாள். அன்றே ஊரில் எல்லோரும் களப்பிலிருந்து வலைகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்தார்கள். அடுத்த நாள் காலை மச்சான் வழி பிடிக்கிற எல்லோரையும் கூப்பிட்டுச் சட்டத்தைச் சொன்னான். இரண்டு வள்ளத்துக்கு இரண்டு வழி. தடியில் துணி கட்டிக் கோடு காட்டியிருக்கிறது. கோட்டை விட்டு மற்றவனின் வழிக்குள் போனால் வெளியே. யாராக இருந்தாலும் வெளியே. விளங்கியதா என்று கேட்டான். எல்லோரும் ஓம் என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் ஓட்டங்கள் பாதி வழி வரைதான். அவை முடிந்தன. கடைசி முழு ஓட்டத்தில் நாங்களும் அக்கரை ஊர் வள்ளமும். அந்த வள்ளத்தில் வழி பிடிக்கிறவன் வாய்க்காரன். எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று சத்தமாகச் சொன்னான்.

"உங்களுக்கென்னடா பயம்? கொடி பிடிக்கிறது உங்கட மச்சான். நீங்கள் கரையில இருந்தாலே போதும்!"

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். கரையில் நின்ற சனமும் கேட்டது. இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டிருந்த நடுவர் மேடையில் மச்சான் நின்றான். அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விசில் ஊதினார்கள். நாங்கள் பாய்ந்தோம். என் ஆட்கள் அன்று வலித்தது போல ஒருநாளும் வலிக்கவில்லை. பாதி வழியில் நாங்கள் ஒரு வள்ள நீளம் முன்னுக்கு. அக்கரையானின் வாய் அடங்கிவிட்டது. எனக்கு அந்த ஏரி கண்ணில் தெரிந்தது. மெய்யாகத் தெரிந்தது.

அப்போது அணியத்தில் இருந்தவன் கத்தினான்.

"வலை! வலை!"

பார்த்தேன். எங்கள் வழியில் நேர் முன்னே மிதப்புக்கட்டைகள் ஆடிக்கொண்டு கிடந்தன. யாருடையது என்றும் கண்டுவிட்டேன். கட்டையில் சிவப்புக் கயிறு. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் வலை. அவளுடைய புருஷனைக் காய்ச்சலோடு முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவளும் கூடப் போய்விட்டாள். அந்த வலையை எடுக்க ஆள் இருக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஏறிப் போயிருக்கலாம். ஆறு துடுப்பும் வள்ளத்தின் பாரமும் சேர்ந்தால் அந்த வலை இரண்டாகியிருக்கும். நாங்கள் வென்றிருப்போம். ஆனால் நான் அதை யோசிக்கவே இல்லை. கை தானாகத் துடுப்பைத் திருப்பிவிட்டது. வள்ளம் கோட்டைத் தாண்டி மற்ற வழிக்குள் போனது. அக்கரை வள்ளம் எங்களுக்குப் பின்னால் தள்ளித்தான் வந்தது. அவர்களில் நாங்கள் முட்டவில்லை. வலையைக் கடந்ததும் திரும்ப எங்கள் வழிக்கு வந்தோம். கடைசிக் கோட்டை நாங்கள்தான் முதலில் தொட்டோம்.

சனம் ஆர்ப்பரித்தது. என் ஆட்கள் துடுப்பைத் தூக்கினார்கள். நான் மேடையைப் பார்த்தேன்.

மச்சான் சிவப்புக் கொடியைத் தூக்கினான். என் பக்கமாக நீட்டினான்.

எங்கள் கோயில் மூப்பர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனார்.

"சேர், வலை கிடந்தது சேர். எப்பிடி ஏறுறது?"

மச்சான் பேசுகிற கூம்புக் குழலை வாயில் வைத்தான்.

"கோட்டை விட்டுப் போனது வெளியில. அக்கரை வள்ளம் முதலாவது."

அவ்வளவுதான். கொழும்புப் பெரியவர் அவனுடைய காதில் ஏதோ சொன்னார். அவன் இல்லை என்று தலையாட்டியது எனக்கு வள்ளத்திலிருந்தே தெரிந்தது. அக்கரையான்கூடச் சிரிக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

கரையில் என் ஆட்கள் சத்தம் போட்டார்கள். "சொந்த மச்சானையே தள்ளிப்போட்டான்" என்று ஊர் கதைத்தது. நான் வள்ளத்தை இழுத்துக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குள் ஒரு முடிவு இருந்தது. இவன் நான் அந்த ஏரியில் வலிக்கக் கூடாதென்று செய்திருக்கிறான். என் கை தன் கையைவிடப் பலம் என்பது கொழும்புக்குத் தெரியக் கூடாதென்று செய்திருக்கிறான்.

மாலை அந்தப் பெண் ஆசுப்பத்திரியிலிருந்து வந்தாள். கேள்விப்பட்டு நேரே எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணை, என்ர வலையாலதானே எல்லாம்."

"வலைக்கு ஏதும் நடந்ததோ?"

"இல்லை."

"அவருக்கு எப்பிடி?"

"காய்ச்சல் விட்டுட்டுது."

"பிறகென்ன" என்றேன்.

அன்று மச்சான் சாப்பிட வரவில்லை. அவனுக்கு வைத்த நண்டை அம்மா எனக்கு முன்னால் கொண்டு வந்து வைத்தா. கோபத்தோடு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஜீப் புறப்படுகிறது என்று கேள்வி. நான் வழியனுப்பப் போவதில்லை என்று முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது படலைக்கு வெளியே ஓர் ஆள் நின்றது.

மச்சான். தனியாக வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் வைத்திருந்தான். வெறுங்காலோடு மணலில் நின்றான். கூப்பிடவில்லை.

எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன். ஊசியை வலைக்கண்ணில் இரண்டு தடவை ஓட்டினேன். பிறகு கேட்டேன்.

"என்ன சேர், வெளியால நிக்கிறியள்?"

"உன்ர வலையில ஏறிப்போட்டன் மச்சான்."

நேரே என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு நேற்றுக் களப்பில வலை இல்லையே."

"கொழும்புப் பெரியவர் சொன்னவர், வழியில தடங்கல் கிடந்தால் திரும்ப ஓட விடலாம், சட்டத்தில இடம் இருக்கெண்டு. அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான். நான்தான் மாட்டன் எண்டனான்."

"ஏன்?"

"நீ எண்டபடியால்."

நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

"வேற ஆரும் எண்டால் விட்டிருப்பன். மச்சானுக்கு விட்டான் எண்டு கதை வரும் எண்டு பயந்திட்டன். அக்கரையான் கத்தினதுதான் காதுக்குள்ள நிண்டது."

"வலை எண்டு கத்தினது கேக்கேல்லையோ?"

"கேட்டது." சப்பாத்தை மற்றக் கைக்கு மாற்றினான். "அங்க வலிச்சுப் பழகினது அப்பிடி மச்சான். போற பக்கம் தெரியாது. ஏறினாப் பிறகுதான் வலை தெரியும்."

"இப்ப மாத்தேலுமோ?"

"ஏலாது. எல்லாருக்கும் முன்னால அவையளின்ர பேரைச் சொல்லியாச்சு. நான் எனக்காக மாத்தினால் பிறகு அந்தக் கொடியை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அவன் மன்னிக்கச் சொல்லவில்லை. வழக்கம் அப்படித்தான். சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இனி நான்தான் கூப்பிட வேண்டும்.

நான் கூப்பிடவில்லை.

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். எத்தனை வருடம் அந்தச் சுவரில் ஒட்டின படத்துக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தேன். இப்போது படத்தில் இருந்தவன் என் படலைக்கு வெளியே வெறுங்காலோடு நிற்கிறான். றோட்டால் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கோயிலடியில் ஜீப் ஹோன் அடித்துக் கூப்பிட்டது. அவன் அசையவில்லை. கஞ்சி குடித்த அந்தக் கோபக்காரரை நினைத்தேன். எனக்குக் குடிக்கக் கஞ்சி இல்லை. அதனால் வலையைப் பொத்தினேன்.

ஆனால் பொத்தப் பொத்த எரிச்சல் வந்தது. நான் அந்தப் படலையில் நின்றபோது அழுதேன். குனிந்துகொண்டு நின்றேன். இவனுக்கு அது முதல் தடவை. ஒருநாளும் போய் நின்றதில்லை. ஆனாலும் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றான். சப்பாத்தைக் கழற்றவும் மறக்கவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முகத்தை மறைக்காமல். இதையும் என்னைவிட நன்றாகச் செய்தான்.

குசினிக்குள் கோப்பைகள் சத்தம் போட்டன. ஒரு கோப்பை கழுவ அவ்வளவு சத்தம் வராது. அம்மா அவனைக் கூப்பிட முடியாது. வலை என்னுடையது. அதனால் கோப்பையோடு கோபித்துக்கொண்டா.

வெயில் அவனுடைய முகத்துக்கு ஏறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க இரண்டு கையும் வேண்டும். சப்பாத்தைக் கீழே வைக்க அவன் விரும்பவில்லை. அப்படியே வியர்வையோடு நின்றான். இளமையில் பயந்து ஒளித்தவனை அப்போதுதான் அந்த முகத்தில் கண்டேன். அந்தப் பயம் போகவில்லை. பெரிய படிப்பும் பெரிய பெயரும் அதை மூடியிருந்தன. நேற்று அது கொடியைத் தூக்கியது. இன்று அவன் அதை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான்.

"உள்ளுக்கு வா" என்றேன்.

வந்தான். நான் சொல்லி வாய் மூடமுன்னே அம்மா தேத்தண்ணியோடு வெளியே நின்றா.

"இவ்வளவு நேரம் பிள்ளையை வெயிலுக்க நிக்க வைச்சிட்டான். கல்லு நெஞ்சுக்காரன்."

"மாமி, அவர் நிக்க வைச்ச நேரம் போதாது" என்றான் மச்சான். பிறகு என்னைப் பார்த்தான். "நேற்றைய நண்டு?"

"முடிஞ்சுது."

"நல்லா இருந்ததோ?"

"ஓம்."

சிரித்தான். எனக்கும் கொஞ்சம் வந்தது. அடக்கிக்கொண்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பும்போது சொன்னான்.

"ஒருநாளைக்கு என்னோட கொழும்புக்கு வா மச்சான். அந்த ஏரியில ரெண்டு பேரும் வலிப்பம். ஒருத்தரும் மறிக்கமாட்டினம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நீ கூட்டிக்கொண்டு போனால் அது உன்ர ஏரி."

அவன் படலை வரை வந்து, வெளியே போய்த்தான் சப்பாத்தைப் போட்டான்.

அக்கரை வள்ளம் கொழும்புக்குப் போனது. அங்கே தோற்று வந்தார்கள். அடுத்த வருடம் எங்கள் கரைக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. பிறகும் வரவில்லை. பல காலம் கழித்து மனைவியின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து அந்த ஏரியைக் கண்டேன். சின்ன ஏரி. தண்ணீர் பச்சை. எங்கள் களப்பில் ஒரு மூலைக்குப் போதாது. ஆனாலும் பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் பிறகு பேராசிரியர் ஆனான். நாட்டின் விளையாட்டுச் சபையிலும் இருந்தான். எங்கள் போட்டிக்கு அவன் புதுச் சட்டம் எழுதி அனுப்பினான். ஓட்டத்துக்கு முன் இரண்டு பக்கத்து வழி பிடிக்கிறவர்களும் சேர்ந்து போய் வழியைப் பார்த்து வர வேண்டும். வலைக்காக விலகின வள்ளத்தைத் திரும்ப ஓட விட வேண்டும். யாராக இருந்தாலும் விட வேண்டும். இப்போதும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அதை மூப்பர் வாசிப்பார். வாசித்து முடிய, "எங்கட சேர் கொண்டுவந்த சட்டம்" என்று சனம் பெருமையாகச் சொல்லும். துடுப்பைத் திருப்பினவன் அந்தச் சனத்துக்குள்ளேதான் நிற்பான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

அவன் மேல் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. போகும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் பேப்பரில் அவனுடைய படம் வரும்போது, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற ஆளும் கூடவே வந்து நிற்கிறான். அன்றிலிருந்து யாராவது பிழை செய்துவிட்டு என் படலைக்கு வெளியே வந்து நின்றால், நான் நீண்ட நேரம் நிற்க வைப்பதில்லை.